முன்தண்டு

பூவம்மா துண்டை நான்காக மடித்துப் புருஷனின் வலது தோளில் வைத்தாள். லட்சுமணன் பல்லைக் கடித்தான். மூன்று வாரத்துக்கு முன்னால் கோதுமை மூட்டையோடு கப்பலிலிருந்து இறங்கும்போது பலகை வழுக்கியது. விழுந்த இடத்தில் தோள் இன்னும் வீங்கித்தான் கிடக்கிறது. துறைமுகத்தில் இடது தோளிலேயே சுமந்து மறைத்துவிட்டான். இன்று அம்மன் பல்லக்கில் அது நடக்காது. முன்தண்டில் அவன் அப்பன் நின்ற இடம் அவனுடையது. அங்கே வலது தோள்தான் கொடுக்கவேண்டும்.

"ஒடம்பு சரியில்லன்னு சொல்லிட்டு வூட்லயே கெடயேன்."

"சொல்லிட்டா? நாளைக்கு கேட்டாண்ட என்னிய பாத்து வெரல நீட்டுவானா அந்த ஆளு?"

எல்லையம்மன் கோயில் ஆடித் திருவிழாவை நடத்துகிற எத்திராஜு மேஸ்திரிதான், தினமும் காலையில் துறைமுக கேட்டில் கூடுகிற முன்னூறு பேரில் யாருக்கு வேலை என்று விரலை நீட்டுகிறவரும். வருஷா வருஷம் பல்லக்குக்கு முன்னால் வெற்றிலையை மென்றுகொண்டு நடப்பார். கண் அம்மன்மேல் இருக்காது. தூக்குகிறவர்களின் முழங்காலில் இருக்கும். போன ஆடியில் பாதியில் தண்டை விட்டு விலகியவன் பக்கம் அந்த விரல் பிறகு நீளவே இல்லை. அவன் இப்போது எண்ணூரில் உப்பு வாருகிறான்.

நாலு மணிக்குப் பம்பை அடித்தார்கள். பல்லக்கு எழுந்தது. மூட்டையானால் முடியாதபோது கீழே போட்டுவிட்டு ஏச்சு வாங்கிக்கொள்ளலாம். அம்மனைப் போட முடியாது.

ஆனால் தேங்காய், கற்பூரத் தட்டோடு ஒரு பெண் வாசலில் நின்றால் அம்மன் நின்றுதான் போகவேண்டும். நின்றதும் தண்டுக்கு அடியில் கவட்டைக் கம்புகளை ஊன்றுவார்கள். கற்பூரம் எரிந்து அணைகிறவரை பாரம் கம்பில் நிற்கும், தோளில் நிற்காது. காலையில் குழாயடியில் பூவம்மா பக்கத்து வீட்டு ராஜாத்தியிடம் கேட்டது இவ்வளவுதான்: உன் வாசலிலும் தட்டோடு நில். ராஜாத்தி தெருவுக்கே சொல்லிவிட்டாள்.

வழக்கமாக நாலைந்து வாசலில் நிற்கிற பல்லக்கு இந்த வருஷம் குடிசைக்குக் குடிசை நின்றது. தெருவுக்கே தேங்காய் ரெண்டுதான். ஒரு வாசலில் காட்டிய தட்டு பின்சந்து வழியாக ஓடி நாலு வீடு தள்ளி மறுபடி முன்னால் வந்தது. பூவம்மாவும் ஓடினாள். விடிந்ததிலிருந்து விரதம், நேற்று முழுக்கக் கிடங்கில் சாக்குத் தைத்த விரல்கள் தட்டின் விளிம்பைப் பிடிக்க மறுத்தன. ஒவ்வொரு தடவை கம்பு ஊன்றும்போதும் அவள் அம்மனைப் பார்க்கவில்லை. லட்சுமணனின் தோள் தண்டை விட்டு ஒரு விரற்கடை கீழே இறங்குவதைத்தான் பார்த்தாள்.

மேஸ்திரி எச்சிலைத் துப்பினார். "இன்னாங்கடி இது? இந்தத் தேங்காய நான் மூணு வாட்டி பாத்துட்டேன்."

"தேங்கான்னா எல்லாம் ஒரே மூஞ்சிதான் நைனா," என்றாள் ராஜாத்தி. "உனுக்கு அவசரம்னா நீ முன்ன நட. ஆத்தா மெதுவா வருவா."

தூக்குகிறவர்களில் யாரோ சிரித்தார்கள். லட்சுமணன் சிரிக்கவில்லை. துண்டு நனைந்து கறுத்திருந்தது.

தெரு முடிந்தது. கோயிலுக்குத் திரும்ப உப்புக் கிடங்கின் மதிலை ஒட்டித்தான் போகவேண்டும். இருநூறு கெஜம். அந்தப் பக்கம் மதில், இந்தப் பக்கம் ரயில் தண்டவாளம். ஒரு வாசல் கிடையாது. இதை எப்படி மறந்தோம் என்று பூவம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

மேஸ்திரி திரும்பி நின்று பின்னோக்கி நடந்தார். "ம், இனிமே ஒரே இழுப்பு. நிக்கக் கூடாது. எவன் ஒக்கார்றான்னு பாக்கறேன்."

லட்சுமணனின் வலது முழங்கால் ஒரு தரம் மடங்கி நிமிர்ந்தது. மேஸ்திரியின் வாய் மெல்லுவதை நிறுத்தியது.

பூவம்மா கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடினாள். பம்பைக்காரர்களைத் தாண்டி, மேஸ்திரியைத் தாண்டி, மதில் பாதி தாண்டிய இடத்தில் போய் ரோட்டின் நடுவில் நின்றாள். தட்டில் மிளகளவு கற்பூரம் மிச்சமிருந்தது. மூன்றாவது குச்சியில்தான் பற்றியது.

"ஏய் பூவம்மா, அங்க எவன் வூடுடி கீது?"

கடல்காற்று மதிலில் மோதிக் கீழே இறங்கியது. சாக்கூசி குத்திய உள்ளங்கையைச் சுடரைச் சுற்றிக் குவித்துக்கொண்டாள். சூடு தெரிந்தது. கையை எடுக்கவில்லை. அம்மன் தலைக்கு மேல் வேப்பிலை ஆட, பல்லக்கு ஆடி ஆடி அவளை நோக்கி வந்துகொண்டிருந்தது. கம்பு பிடித்தவர்கள் மேஸ்திரியின் முகத்தையும் அவள் கையையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.