மஞ்சள் வயர்

"அண்ணா, அந்த லைட் ஆப்புக்கு இனிமே நீ அட்மின் இல்ல. என்கிட்ட குடு."

அண்ணன்கிட்ட எதை வேணா கேளு, சாவியை மட்டும் கேட்காதே என்று அம்மா அவளிடம் சொல்லிச் சொல்லி வளர்த்திருந்தாள். கேட் சாவி, பீரோ சாவி எல்லாம் அவன் இடுப்பில். இப்போது வெளிச்சத்துக்கும் ஒரு சாவி வந்து, அதுவும் அவன் போனுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் அண்ணன் சிரித்தான். "வீட்டுக்கு ஒரு அட்மின் போதும், இன்ஜினியரம்மா. முதல்ல நீ போட்ட வயரிங்ல லைட் ஒழுங்கா எரியட்டும்."

சுருக்கென்றது. அந்த வீட்டின் முதல் பட்டம் அவளுடையது. அவளும் அம்மாவும் படுக்கிற ஜன்னலில்லாத அறையில் ஒரே விளக்கு. அதற்குக் கதவோரம் ஒரு சுவிட்ச், கட்டிலோரம் ஒன்று. முதலில் அண்ணன்தான் ஸ்மார்ட் பல்பு மாட்டிப் பீற்றிக்கொண்டான். அம்மா பழக்கதோஷத்தில் சுவரில் அணைத்துவிடுவாள். போனில் எத்தனை தட்டினாலும் பல்பு அசையாது. அவள்தான் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, கதவோர சுவிட்சுக்குப் பின்னால் தீப்பெட்டி அளவில் ஒரு ரிலேயை வைத்தாள். இரண்டு சுவிட்சும் அதனிடம் பேசும், அண்ணன் போனும் பேசும். யார் சொன்னாலும் கேட்கும்.

அன்று டார்ச் பிடித்தது அம்மா. "இத்தனை வயர்ல எதைப் பிடுங்கினா சுவிட்ச் வேலை செய்யாதுடி?"

அம்மாவுக்கும் ஆர்வம் வந்துவிட்டதே என்று இவளுக்குத் தலைகால் புரியவில்லை. "இந்த மஞ்சள் ஒண்ணு போதும்மா. ரெண்டு சுவிட்சும் ஊமையாயிடும், போன் மட்டும்தான் பேசும். மெயினை அணைக்காம கை வெச்சுடாதே."

போன வாரம் வெளியூர்க் கம்பெனி ஒன்று வீடியோவில் இன்டர்வியூ வைத்தது. பாதிக் கேள்வியில் விளக்கு அணைந்தது. கதவோரம் தட்டினாள், கட்டிலுக்குத் தாவித் தட்டினாள். ம்ஹூம். "முகமே தெரியலையேம்மா" என்றது திரை. இருட்டிலேயே பதில் சொல்லி முடித்தாள். தன் கைவேலையைத்தான் சந்தேகப்பட்டாள். பிரித்துப் பார்க்கப் போனபோதெல்லாம் அம்மா தடுத்தாள், "விடுடி, கரண்டோட என்ன விளையாட்டு?"

இன்று விடவில்லை. நேராகப் போய் மெயினை இறக்கினாள்.

"ஏய்! மேட்ச் ஓடுதுடி!"

"ஓடட்டும். எங்க போயிடப்போகுது?"

சுவிட்ச் பலகையைக் கழற்றினாள். மஞ்சள் வயர் ரிலேயிலிருந்து பிடுங்கப்பட்டு, முனையில் டேப் சுற்றிக் கிடந்தது. டேப்பின் நுனி சின்னதாக மடித்து விடப்பட்டிருந்தது. அடுத்த தடவை நகத்தால் சுரண்டித் தேட வேண்டாமென்று அப்படி மடித்துவிடுகிற ஆள் அந்த வீட்டில் ஒருத்திதான்.

அம்மா வாசற்படியில் நின்றாள். சேலைத் தலைப்பு வாயில்.

"மெயினை அணைச்சியாம்மா?"

"...அணைச்சேன்."

"நல்லாத்தான் கத்துக்கிட்டிருக்கே."

"அவன்தான் பிடுங்கச் சொல்லிக் கேட்டான்டி. வேலை கிடைச்சா நீ பாட்டுக்குப் போயிடுவே. எனக்கு இங்க யாரு இருக்கா?"

அண்ணன் அணைத்ததை அவளால் தாங்க முடிந்தது. அவனிடம் அவள் எதையும் எதிர்பார்த்ததில்லை. ஆனால் அந்த மஞ்சள் வயரை அவள் காட்டியது ஒரே ஒருத்திக்கு.

ரிலேயைக் கழற்றினாள். வயர்களைப் பழையபடியே சேர்த்து முறுக்கி மூடினாள். மெயினைப் போட்டாள். கதவோரம் தட்டினாள், எரிந்தது. கட்டிலோரம் தட்டினாள், அணைந்தது. ரிலேயை அண்ணன் மடியில் போட்டாள். "இந்தா, வெச்சுக்கோ அட்மின்."

"திமிரைப் பாரு. எங்கடி பையைத் தூக்குறே?"

"கம்பெனியில நேர்ல வாங்க, முகத்தைப் பார்க்கணும்னாங்க. வரேன்னு காலையிலேயே சொல்லிட்டேன்."

கேட்டதை அவன் கொடுத்திருந்தால் வாரா வாரம் வீட்டுக்கு வருவதாகத்தான் இருந்தாள். செருப்பை மாட்டினாள்.

"போயிட்டு வரேன்னு சொல்லுடி" என்றாள் அம்மா.

"போறேன்மா" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.