அரை சதவீதம்

இங்கிலாந்தின் கிரிம்ஸ்பி துறைமுகத்தை ஒட்டிய மீன் ஆலையில் ஹிலரி காட்டம் பதினோரு வருடமாகச் சம்பளம் போட்டுக்கொண்டிருந்தாள். பெரிய முதலாளிகள் தாங்கள் கொடுக்கும் சம்பளத்தில் அரை சதவீதத்தைப் பயிற்சி வரியாகக் கட்ட வேண்டும் என்று அரசாங்கம் சொன்ன நாளிலிருந்து, அதையும் அவள்தான் மாதாமாதம் கட்டினாள். கட்டிய பணம் ஆலையின் பெயரிலேயே ஒரு கணக்கில் கிடந்தது. யாரையாவது அப்ரண்டிஸாகச் சேர்த்துத் தொழில் கற்றுக்கொடுக்க அதை எடுத்துக்கொள்ளலாம். இரண்டு வருடத்துக்குள் எடுக்காவிட்டால் திரும்ப அரசாங்கத்துக்கே போய்விடும்.

2019 மே மாதத்தில் முதல் தவணை அப்படிப் போயிற்று. அடுத்ததையாவது யாருக்காவது செலவழிக்கலாம் என்று ஹிலரி மேலாளர் கிரகாமுக்கு எழுதினாள். "பார்ப்போம்" என்று பதில் வந்தது. ஜூனில் இரண்டாவது தவணையும் போயிற்று. இந்த முறை நேரில் போய் நின்றாள்.

"அப்ரண்டிஸ்னா பள்ளிக்கூடம் முடிச்ச பசங்க, ஹிலரி. காலைல எழுப்பிவிடவே ஒரு ஆள் போடணும். எனக்கு மீன் வெளிய போனா போதும்" என்றான் கிரகாம். அவன் கெட்டவன் இல்லை. அவனுக்கும் மேலே ஆட்கள் இருந்தார்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மீனுக்கு ரொட்டித்தூள் பூசும் இயந்திரம் நின்றுபோனது. லீட்ஸிலிருந்து மெக்கானிக் வந்து சேர இரண்டரை மணி நேரம் ஆயிற்று. கூடுதல் நேரக் கணக்கு வாங்கக் கீழே இறங்கி வந்த ஹிலரி, நாற்பது பேர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள். மெக்கானிக் பெட்டியைத் திறக்கும் முன்பே, வரிசையில் நின்ற ஒருத்தி சொன்னாள்: "மூணாவது உருளைல பேரிங் போயிருக்கு. ஞாயித்துக்கிழமையிலேர்ந்தே சத்தம் மாறிடுச்சு. சொன்னேன், எவன் கேட்டான்."

மெக்கானிக் வேறு இரண்டு இடங்களைக் கழற்றிப் பார்த்துவிட்டுக் கடைசியில் மூன்றாவது உருளைக்கு வந்தான். பேரிங் நொறுங்கிக் கிடந்தது.

அவள் பெயர் பெவர்லி பிளேட்ஸ். நாற்பத்து நான்கு வயது. பத்தொன்பது வருடமாக அதே வரிசையில் ஹாடக் மீனை அடுக்கிக்கொண்டிருந்தவள். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் ஹிலரி டீக் கோப்பையோடு போய் அவள் எதிரில் உட்கார்ந்தாள்.

"மெஷின் ரிப்பேர் வேலை முறையா படிக்கிறியா, பெவ்? காசு ஏற்கெனவே கட்டியாச்சு."

பெவர்லி சிரித்தாள். "அப்ரண்டிஸா? நானா? என் பையனே அதெல்லாம் முடிச்சிட்டு வீடு வாங்கிட்டான்டி."

"வயசு வரம்பு கிடையாது."

"சம்பளம்?"

ஹிலரி மறைக்கவில்லை. "அந்தப் பணம் படிப்புக்கு மட்டும்தான். சம்பளம் ஆலைதான் குடுக்கணும். இப்ப வாங்கறது குறையாம நான் கேட்டுப் பாக்கறேன். கிடைக்கலைன்னா நீ ஒத்துக்காத."

பெவர்லி உருளைக்கிழங்கு சாண்ட்விச்சைத் தட்டில் வைத்தாள். பக்கத்து மேசையில் யாரும் கேட்கவில்லை என்று பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள். "நான் கணக்குல பெயிலு, ஹிலரி. இங்க ஒருத்தருக்கும் தெரியாது."

"அதையும் சேத்துத்தான் சொல்லிக்குடுப்பாங்க."

கிரகாம் லேசில் இறங்கவில்லை. "வாரத்துல ஒரு நாள் அவ கல்லூரிக்குப் போனா, வரிசையில யார் நிப்பா?"

பதினோரு வருடத்தில் அவனிடம் ஹிலரி ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தியதில்லை. இப்போதும் உயர்த்தவில்லை. "செவ்வாய்க்கிழமை நாப்பது பேர் நின்னாங்க, கிரகாம். ரெண்டரை மணி நேரம். அத்தன பேருக்கும் நான்தான் சம்பளம் போட்டேன். இவ ஒருத்தி ஒரு நாள் போறதுக்கா யோசிக்கிறீங்க?"

 வெள்ளிக்கிழமை கிரகாம் படிவத்தில் கையெழுத்துப் போட்டான். சம்பளம் குறையவில்லை.

செப்டம்பரில் பெவர்லி கல்லூரிக்குப் போனாள். முதல் நாள் வாசலில் இருந்த பெண், "பெத்தவங்க உக்கார்ற இடம் அந்தப் பக்கம் கண்ணு" என்று வழிகாட்டினாளாம். வகுப்பில் மற்ற பதினொரு பேரும் மீசை முளைக்காத பையன்கள். மின்சுற்று, வெல்டிங் எல்லாம் அவளுக்குப் பிடிபட்டன. நவம்பரில் எழுதிய கணக்குத் தேர்வுதான் மூன்று மதிப்பெண்ணில் போயிற்று.

அன்றைக்கு அவள் ஈரக் கோட்டோடு நேராக ஹிலரியின் அறைக்கு வந்து நின்றாள். "போதும். பழைய இடத்துல என்னைப் போட்டுரு. எல்லாருக்கும் தெரிஞ்சு அசிங்கப்படறதுக்குள்ள."

 இவளை இழுத்துவிட்டது தான்தானே என்று ஹிலரிக்கு உறுத்தியது. விடைத்தாளை வாங்கிப் பார்த்தாள். "பின்னத்துல எல்லாம் சரியாத்தான் இருக்கு. சதவீதம் மட்டுந்தான் உதைக்குது."

"அது என் மண்டைல ஏறாது."

"எனக்கு வேற எதுவும் ஏறாது. தினம் பூரா அதத்தான் பண்றேன்" என்று சொல்லி, ஹிலரி இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

குளிர்காலம் முழுக்கச் சாப்பாட்டு நேரங்களில் கதவைச் சாத்திக்கொண்டு இருவரும் உட்கார்ந்தார்கள். சில நாள் திட்டிக்கொண்டார்கள். ஒரு தடவை பெவர்லி பென்சிலை வீசிவிட்டு எழுந்து போனாள். மறுநாள் இரண்டு பென்சில் வாங்கிக்கொண்டு வந்தாள்.

பிப்ரவரியில் மறுபடி எழுதித் தேறிவிட்டாள். செய்தி வந்தபோது வரிசையில் இருந்தவர்கள் கையுறையோடு கை தட்டிய சத்தம் மாடிவரை கேட்டது. அவள் மறைத்து வைத்திருந்ததை இப்போது அவளே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அந்த வாரமே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் டெரன்ஸ், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஹிலரியின் வாசலில் நின்றான். அவனுக்கு ஐம்பத்தொன்று. "குளிர்பதன அறை வேலைக்குப் படிப்பு இருக்குன்னு பெவ் சொன்னா. எனக்குக் கணக்கு நல்லா வரும், எழுத்துதான் கொஞ்சம் தகராறு. பரவாயில்லையா?"

"உக்காருங்க" என்றாள் ஹிலரி.