படிக்கட்டில்லாத டெண்டர்

நான் வரைந்த மாடி வீட்டுக்கு மூன்று டெண்டர்கள் வந்திருந்தன. ஒன்று மட்டும் அநியாயத்துக்கு மலிவு. பார்த்தால், படிக்கட்டுக்கு விலையே போடவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு அந்தக் காண்ட்ராக்டருக்கு போன் போட்டேன்.

“என்னங்க, மாடிக்குப் பறந்தா போறது?”

“அதை நானே கேக்கணும்னு இருந்தேன் சார். பிளான்ல படியே இல்லையே!”

பிளானை விரித்தேன். சுழல் படியா, நேர் படியா என்று மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டவன், கடைசியில் எதையுமே வரையவில்லை.

“அப்ப மத்த ரெண்டு பேரும் எப்படி விலை போட்டாங்க?” என்று முனகினேன்.

அலுவலகத்தில் என் பங்குதாரரான அக்கா தலை நிமிராமலே சொன்னாள்: “குத்துமதிப்பாதான். வேலையை இவருக்கே குடுடா. உன் பிளானை முழுசாப் பாத்தவர் அவர் ஒருத்தர்தான். நீகூடப் பாக்கல.”