உச்சிமாகாளி சொன்ன விலை

1.
பங்குச்சந்தை எப்படி இயங்குகிறது என்று ஒரு கட்டுரை கேட்டார்கள். எனக்கு அதில் அரிச்சுவடியும் தெரியாது, மறுக்கவும் தெரியாது. அதனால் கதையாக்கிவிட்டேன். கதையில் தப்பு வந்தால் பாத்திரத்தின் தலையில் கட்டிவிடலாம்.

2.
தாமிரபரணியின்மேல் இளங்கதிர்கள்

(வேண்டாம். சந்தை திறப்பதே ஒன்பதே காலுக்கு. நெல்லையில் அதற்குள் வெயில் மண்டையைப் பிளக்கும்.)

ஸ்ரீவைகுண்டத்து மாட்டுத் தரகர் உச்சிமாகாளி, துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசியே பாதி ஆயுசைக் கழித்தவர். அவர் மனைவி இசக்கித்தாய், துணி தைத்த காசில் சிறுகச் சிறுகப் பங்குகள் வாங்கியவள். அவற்றை விற்றுப் பாளையங்கோட்டையில் சொந்தத் தையற்கடை போட வேண்டும். இந்த வாரம் முன்பணம் கொடுக்காவிட்டால் இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

"விலை பேசுறத என்கிட்ட விடு" என்று அவரும் நெல்லை ஜங்ஷனில் இருந்த பங்குத் தரகு அலுவலகத்துக்குக் கூடவே வந்துவிட்டார்.

3.
"இப்ப நானூறுக்குப் போவுது. என்ன விலை போடட்டும்க்கா?" என்றாள் கணினி முன்னால் இருந்த ரெனிஷா.

உச்சிமாகாளி முந்திக்கொண்டார். "நானூத்தி முப்பது போடும்மா. அவன் முந்நூத்தி எம்பதுன்னு கேப்பான். பைய பேசி முடிச்சிரலாம்."

"இங்கன யாரும் பேச வரமாட்டாவ அண்ணாச்சி. ரெண்டு விலையும் கூடுனா மெஷினே முடிச்சிரும். கூடலன்னா அப்படியே கெடக்கும்."

"எல்லாவனும் முதல்ல அப்படித்தான் சொல்லுவான்" என்றார் அவர். இசக்கித்தாய் அரைமனதாகத் தலையாட்டினாள்.

(கட்டுரைக்காக ஒரு வரி: விற்பவர் இனி இறங்கும் என்கிறார், வாங்குபவர் ஏறும் என்கிறார், இருவரும் ஒத்துப்போவது விலையில் மட்டும். இதை எழுதியதும் என்மேல் எனக்கே மரியாதை வந்தது. தேநீர் ஆறுவதற்குள் போய்விட்டது.)

4.
மதியத்துக்குள் முந்நூற்றுத் தொண்ணூறு. பிறகு முந்நூற்று எழுபது. உச்சிமாகாளி மடியில் துண்டை விரித்துக் காத்திருந்தார்.

"பிகு பண்ணுதான். இறங்கி வருவான்."

"அவன் எங்க வாரது? நாமதான் இறங்கிட்டிருக்கோம்" என்றாள் இசக்கித்தாய். "உங்க மாடுன்னா இப்படிப் பட்டினி போட்டு நிறுத்துவியளா? இது என் கடை."

அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் என் மனசு அவள் பக்கம்.

5.
முடிவு ஒன்று: கடைசி நிமிடத்தில் விலை எகிறுகிறது. (எழுதினேன். வெட்கமாக இருந்தது. கிழித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: அவள் நாளைக்குப் பார்க்கலாம் என்று எழுந்து

(இல்லை. அவள் எழமாட்டாள்.)

"அந்த விலையை எடுத்திரு ரெனிஷா. முந்நூத்தி எழுவதுக்கே போடு."

போட்டாயிற்று. மூன்றரைக்குச் சந்தையை மூடிவிடுவார்கள். இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கிறது. விற்க ஆள் தயார். வாங்க எங்கேயாவது ஒருவர் வேண்டும். கதைக்குள் இருக்கிற மூன்று பேராலும் வாங்க முடியாது, எனக்கோ பங்கு வாங்கும் கணக்கே கிடையாது.

மிச்சம் இருப்பது நீங்கள்தான். என்ன விலைக்குக் கேட்கிறீர்கள்?