கதவில் சாய்ந்தவள்

காலையில் கர்ப்பப்பைக்குள் வளர்ந்திருந்த சதையை அறுத்தெடுத்துவிட்டு மதியமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மயக்கம் முழுசாகத் தெளியவில்லை. கட்டிலில் ஒருக்களித்துக் கிடந்தாள். அடிவயிற்றை யாரோ ஈரத்துணி மாதிரி முறுக்கிப் பிழிந்தார்கள். கோடவுனில் சாக்கு வாய் தைக்கிறவள் அவள். கோணி ஊசி உள்ளங்கையில் ஏறினாலும் ஊதிவிட்டுத் தைப்பாள். இந்த வலி அந்தக் கணக்கில் சேரவில்லை.

துணைக்கு வந்தவள் நாத்தனார். புருஷனுக்கு மூத்தவள், அதே கோடவுனில் மூட்டை இறக்குகிறவள். கட்டினவனை விட்டுவிட்டு வந்து தம்பி வீட்டில் இருக்கிறாள். இருவருக்கும் ஆகவே ஆகாது. ஒரு கரண்டி இடம் மாறினால் தெருவே கூடிவிடும்.

"தண்ணி கொதிக்குது. ஆறினதும் பையில ஊத்தித் தர்றேன், வயித்துல வச்சுக்க. பாசம்னு நெனச்சுக்காத. நீ படுத்துட்டா உன் பாத்திரத்தையும் நான்தான் தேய்க்கணும்."

"சரிங்க அண்ணி."

ஷிப்ட் முடிந்து புருஷன் வந்தான். வாயில் சாராயம் நாறியது.

"அக்கா, கொஞ்சம் வெளிய இரு. பொண்டாட்டிகிட்ட பேசணும்."

"பேசேன். நான் இருந்தா வாய் வராதா?"

அவன் சட்டையைக் கழற்றிப் போட்டான். கட்டிலில் கிடந்தவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"இன்னைக்கு வேணாங்க. கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க."

"டாக்டரா வந்து உனக்குச் சோறு போடுறான்?"

காலைப் பிடித்து இழுத்தான். போர்வையோடு தரையில் விழுந்தாள். தொடை வழியே ரத்தம் இறங்கியது. அதைப் பார்த்தும் அவன் குனிந்தான்.

மூட்டையைக் கொத்தி இழுக்கும் இரும்புக் கொக்கி ஆணியில் தொங்கியது. அக்கா அதை எடுத்துத் தம்பியின் தோளில் இறக்கினாள். லாரியிலிருந்து மூட்டையை உருவும் அதே இழுப்பு. அவன் அலறிக்கொண்டு மல்லாந்தான்.

"எனக்கு வயித்தக் கழுவி அனுப்பின அன்னைக்கு என்னக் கட்டின நாயும் இப்படித்தான்டா வந்தான். நீ வெளிய உக்காந்து சோறு தின்னுக்கிட்டிருந்தே. நான் கத்தினது கேட்டுச்சுல்ல? கேட்டும் தின்னேல்ல?"

அவன் எழுந்து அக்காவின் வாயில் குத்தினான். ஒரு பல் தெறித்தது. கழுத்தைப் பிடித்துச் சுவரில் வைத்து அழுத்தினான். அவள் கால்கள் தரையைத் தேடின.

கீழே கிடந்தவள் அடுப்பு வரை தவழ்ந்தாள். போர்வை முனையால் பாத்திரத்தைப் பிடித்து, கொதிக்கும் தண்ணீரை அவன் முதுகில் வீசினாள். அவன் ஊளையிட்டுக்கொண்டு தெருவுக்கு ஓடினான். அக்கா இருமிக்கொண்டே தாழ்ப்பாள் போட்டாள்.

"கட்டி கட்டியா போகுதா?"

"இல்ல அண்ணி. ரத்தம்தான்."

அக்கா துணியை விலக்கிப் பார்த்தாள். புதுத்துணி வைத்தாள். "இதுவும் நனைஞ்சு வழிஞ்சா சொல்லு. ஆட்டோ வச்சுத் தூக்கிட்டுப் போயிடுறேன்."

கதவு இடிபட்டது. முதலில் கெட்ட வார்த்தை. பிறகு அழுகை.

"அக்கா, எரியுதுக்கா. தோளெல்லாம் ரத்தம்க்கா. தொறக்கா."

அக்காவின் கை தாழ்ப்பாள் வரை போனது. தரையில் கிடந்தவள் அந்தக் கையையே பார்த்தாள்.

"தெருக்குழாய்ல தண்ணி வருது," என்றாள் அக்கா கதவைப் பார்த்து. "அதுல போய்க் காட்டு."

கதவில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்தாள். அவன் உதைத்தான். ஒவ்வொரு உதைக்கும் அவள் தலை முன்னால் ஆடியது. எச்சிலோடு ரத்தத்தைத் துப்பினாள்.

"நீ கண்ண மூடித் தூங்கு," என்றாள்.