புகைக் கண்ணாடியில் ஒரு படகு

எங்கள் மீனவ ஊரான போல்மெரின் துறையில், கண்ணாடியில் வரைந்த படத்தை ஒளியால் பெரிதாக்கிக் காட்டும் மாய விளக்கின் திரையில் எந்தக் கடல் விழுகிறதோ அதே கடல்தான் வெளியேயும் கிடக்கும். விளக்கு அணையும்போது திரையில் கடைசியாக இருந்தது மறுநாள் வரை அப்படியே நிற்கும். வடதுருவக் காட்சி வந்த ஆண்டு, ஜூலை மாதத்தில் துறை முழுக்கப் பனிக்கட்டி மிதந்தது. ஊரார் அதை உடைத்து மீன் பீப்பாய்களில் போட்டுக்கொண்டார்கள். பாதிரியார் வீட்டுக்குக்கூட ஒரு துண்டு போயிற்று. அதன் பிறகு ஒரு கட்டுப்பாடு வந்தது. கப்பல் சேதக் காட்சியை, ஆண்கள் எல்லாரும் சிற்றாலயக் கூடத்துக்குள் உட்கார்ந்திருக்கும்போது மட்டுமே காட்ட வேண்டும். அதில் மூன்று படங்கள்: படகே இல்லாத அமைதிக் கடல், புயலில் சிக்கிய படகு, கரைக்குத் திரும்பும் படகு.

அந்த அக்டோபரில் விளக்கோடு வந்த லஸ்க் என்பவர் எக்ஸிட்டர் நகரத்துக்காரர். கட்டுப்பாட்டைச் சொன்னபோது பெரிய மனதோடு தலையாட்டினார், ஒரு வார்த்தையும் நம்பவில்லை. மாலை வெளிச்சத்தை மறைக்கச் சன்னல்களுக்குத் துணி கட்டி, அமைதிக் கடலைத் திரையில் போட்டுப் பேசத் தொடங்கினார். அப்போது குன்றின் மேல் காவலிருந்தவன் கொம்பு ஊதினான். சாளை மீன் கூட்டம் வந்துவிட்டது. சாளை வந்தால் எங்கள் ஊரில் ஜெபம்கூடப் பாதியில் நிற்கும். ஆண்கள் பெஞ்சுகளைத் தாண்டி ஓடினார்கள். வலைப் படகு துறையைக் கடந்து வெகுதூரம் போயிற்று. தன் படம் சலித்துப்போய்த்தான் ஆட்கள் எழுந்து போனார்கள் என்று லஸ்க் மனம் புழுங்கினார். மிச்சமிருந்த பெண்களையாவது பிடித்து நிறுத்துவோம் என்று புயலைச் செருகினார்.

வெளியே காற்று ஊளையிட்டது. தம்சின் சன்னல் துணியை விலக்கினாள். திரையில் எந்தப் பக்கம் சாய்ந்திருந்ததோ அதே பக்கம் சாய்ந்து, வலைப் படகு அலையின் உச்சியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் புருஷன் அதில் இருந்தான்.

"யோவ், எடுய்யா அதை. கரைசேர்ற படத்தைப் போடு," என்று கத்தினாள்.

லஸ்க் ஓடிவந்து சன்னல் வழியே பார்த்தார். முதல் இரண்டு கண்ணாடிகளையும் அடுப்போரம் வைத்துப் பதமாகச் சூடாக்கியிருந்தார். மூன்றாவது, மழையில் நனைந்து வந்த பெட்டிக்குள் சில்லிட்டுக் கிடந்தது. பதற்றத்தில் அதை அப்படியே எரியும் விளக்குக்கு முன்னால் கொண்டுபோனார். இந்தத் தொழிலில் யாரும் செய்யக் கூடாத தப்பு அது. கண்ணாடி படீரென்று வெடித்துச் சிதறியது. அமைதிக் கடலை மறுபடி போட்டால் புயல் அடங்கும், ஆனால் அதில் படகு கிடையாது, படத்துக்குள் ஒருமுறை வந்துவிட்ட படகு ஆட்களோடு கடலிலிருந்தும் போய்விடும். அதை யாரும் அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. விளக்கை எரிக்கும் வாயு அடைத்த பை வேறு சுருங்கிக்கொண்டு வந்தது. புயலோடு விளக்கு அணைந்தால் விடியும்வரை புயல்தான். இரண்டு பெண்கள் பையின் மேல் ஏறி உட்கார்ந்து அழுத்தினார்கள்.

ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பலகையில் படம் வரைந்து காட்டுகிற கெசியாவிடம் எல்லாரும் திரும்பினார்கள். அவள் ஒரு வெறுங்கண்ணாடியை வாங்கி, மெழுகுவர்த்திப் புகையில் கருக்கி, கொண்டை ஊசியை உருவிக் கீறத் தொடங்கினாள். முதலில் படகு. பிறகு தம்சினின் புருஷன், அவனுடைய நீண்ட தாடையோடு. பிறகு ஒவ்வொருவராக.

"என் தம்பிக்குத் தொப்பி போடுக்கா, தலையில காத்துப் பட்டா அவனுக்குச் சளி புடிச்சுக்கும்," என்றாள் பையின் மேல் உட்கார்ந்திருந்தவள்.

கடைசியில் துடுப்பு வலிக்கிற ஓர் இடம் மட்டும் காலியாக இருந்தது. அது ஜாபஸின் இடம், அவன் கெசியாவுடைய புருஷன். அவள் ஊசி நின்றுவிட்டது. அந்த வீட்டிலிருந்து சனிக்கிழமைதோறும் என்ன சத்தம் வரும் என்று அந்தக் கூடத்தில் இருந்த எல்லாருக்கும் தெரியும். போன கோடையில் அவள் விலா எலும்பு முறிந்ததும் தெரியும். ஊர் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தது, நானும்தான் இருந்தேன்.

"அம்மா, சீக்கிரம். வாயு தீரப்போகுது," என்றார் லஸ்க்.

தம்சின் அவள் பக்கத்தில் குனிந்தாள். "கெசியா, போடுறதும் விடுறதும் உன் இஷ்டம்டி. நாங்க யாரும் பாக்கல."

பெண்கள் ஒருவர் பின் ஒருவராக முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். பிறகு ஊசி கீறும் சத்தம் கேட்டது. அவள் கண்ணாடியை நீட்டினாள். லஸ்க் வாங்கி விளக்குக்குள் செருகினார். எந்தப் பக்கம் முன், எந்தப் பக்கம் பின் என்று அதில் அடையாளப் பொட்டு வைக்க நேரமில்லை. திரையில் கருப்புக்குள் வெள்ளைக் கோடுகளாக ஒரு படகு நின்றது, எல்லா இடங்களிலும் ஆட்களோடு. விளக்கு அணைந்தது. கடல் படுத்துவிட்டது.

கண்ணாடி திரும்பியிருந்ததால் எல்லாரும் இடக்கைக்காரர்களாகக் கரையேறினார்கள், அது ஒரு வாரத்தில் பழகிப்போயிற்று. ஜாபஸும் இறங்கினான். அவன் இரண்டு கைகளும் துடுப்பைப் பிடித்தபடியே இருந்தன. கொல்லன் நெம்பிப் பார்த்தான், வைத்தியர் எண்ணெய் தடவிப் பார்த்தார், விரல்கள் விடவில்லை. விரல் எங்கே முடிகிறது, மரம் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. கையையும் துடுப்பையும் அவள் ஒரே கோட்டில் கீறியிருந்தாள். வாசலுக்குள் நுழைவதற்காகத் தச்சன் இரு நுனிகளையும் அறுத்துக் கொடுத்தான். நடுத்துண்டு அவனோடு தங்கிவிட்டது, படுக்கையிலும் ஆலயத்திலும். கெசியா அவனுக்குச் சட்டை போட்டுவிட்டாள், சவரம் செய்தாள், மூன்று வேளையும் ஊட்டினாள். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை என்பதை ஊரே சொல்லும்.

ஒன்பதாம் ஆண்டு, லஸ்க் மறுபடி வருகிறார் என்ற செய்தி வந்தது. அன்று சாப்பாட்டு மேசையில் ஜாபஸ் மெதுவாகக் கேட்டான்.

"கெசியா, அந்த ஆளு வந்தா இன்னொரு கண்ணாடி வாங்கி, என் கைய விரிச்ச மாதிரி கீறிடேன்."

அவள் மீன் துண்டிலிருந்து மயிரிழை முள்ளையும் விடாமல் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"கீறலாங்க. ஆனா இப்பல்லாம் எனக்குக் கை நடுங்குது. உங்க கழுத்துல கோடு விழுந்துட்டா?"

அவன் கொஞ்சம் யோசித்தான். பிறகு வாயைத் திறந்தான், அவள் ஊட்டினாள்.