தேசம்மா பெயரில் ஏஞ்சலின் ரத்தம்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது ஒட்டுக்கேட்ட கதை. அடையாறில் பல் டாக்டருக்காகக் காத்திருந்தபோது, பக்கத்து நாற்காலிகளில் இரண்டு ஆராய்ச்சிப் பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். பாதியில் டாக்டர் என்னை உள்ளே கூப்பிட்டுவிட்டார். மீதி என் கைச்சரக்கு. பெயர்களும் நான் வைத்தவை.

2

தொடக்கம், முதல் முயற்சி: "டெங்கு வைரஸில் நான்கு வகை உண்டு. ஒன்றுக்கு உடம்பில் உண்டாகும் எதிர்ப்பு, இன்னொன்றை…"

[வேண்டாம். எனக்கே கொட்டாவி வருகிறது.]

இரண்டாவது: "மயிலாப்பூர் ஹம்சினி, துப்பட்டாவால் மூக்கைப் பொத்தியபடி பட்டினப்பாக்கம் மீன் சந்தையில்…"

[மயிலாப்பூர்க்காரி என்றால் மூக்கைப் பொத்தியே ஆகவேண்டுமா? இரண்டு வருடமாக வருகிறாள். பழகிவிட்டது.]

3

ஹம்சினி டெங்குத் தடுப்பூசி ஆய்வில் இருக்கிறாள். காய்ச்சலே வராமல், ரத்தத்தில் எதிர்ப்பு சக்தி மட்டும் இருப்பவர்களைத் தேடிப் பிடிப்பது அவள் வேலை. அப்படி அகப்பட்டவள்தான் மீன் விற்கும் தேசம்மா. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்தார்கள். முதல் இரண்டு முறையும் சுமார். மூன்றாவது முறை எடுத்த ரத்தம் நான்கு வகை வைரஸையும் அடக்கிப்போட்டது. ஆய்வகமே ஹம்சினியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. நான்காவது முறை மறுபடியும் சுமார். அவள் நேரே சந்தைக்குப் போனாள்.

"தேசம்மாக்கா, போன செப்டம்பர்ல உடம்பு ஏதாவது படுத்துச்சா?"

"செப்டம்பர்ல நான் இங்க ஏது? வேளாங்கண்ணிக்கு இல்ல போயிருந்தேன்."

"அப்போ ரத்தம் குடுத்தது?"

"தோ, ஏஞ்சலு. நான் இல்லன்னா என் கூடைக்கு அவ குந்துவா, அவ இல்லன்னா நான் குந்துவேன். வந்த ஆளு வெறுங்கையோட திரும்பக்கூடாதுன்னு குடுத்துக்கீறா."

(அன்று ரத்தம் எடுத்தவர் புதிதாகச் சேர்ந்த டெக்னீஷியன். "தேசம்மா கூடை இதானே?" என்று கேட்டிருக்கிறார். ஏஞ்சல் ஆமாம் என்றிருக்கிறாள். அதில் பொய் ஒன்றும் இல்லை.)

4

ஏஞ்சலின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் எடுத்த ரத்தம். விதிப்படி அதையும் அதன் முடிவுகளையும் கொட்டிவிட வேண்டும். அவள் கையெழுத்துப் போட்டுப் புதிதாகக் கொடுத்தால்தான் உண்டு. படிவத்தின் கடைசி வரி: "நான் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் உண்மையான பதில் கிடைத்தது." அந்த வரியை எழுதியது ஹம்சினியேதான்.

ஹம்சினி படித்துக் காட்டினாள். ஏஞ்சல் கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினாள்.

"ஒண்ணு கேக்கட்டா மேடம்? மூணு வருசம் முன்ன என் பொண்ணு டெங்குல பூட்டா. ஒம்போது மாசம். ஒரே பாய்லதான் படுத்துக்கினு இருந்தோம், எனக்கு ஒண்ணியும் வரல. என் ரத்தத்துல அவ்ளோ சக்தி கீதுன்ற. அது ஏன் எம் பொண்ணுக்கு ஒதவல?"

[இந்த இடத்தில் மூன்று நாள் எழுதாமல் கிடந்தேன்.]

ஹம்சினிக்குப் பதில் தெரியும். தாயின் எதிர்ப்பு சக்தி கருவிலேயே குழந்தைக்குப் போய்விடுகிறது. முதல் சில மாதங்கள் காக்கும். பிறகு தேயும். அப்படித் தேய்ந்து நிற்கும் மாதங்களில், அதுவே வைரஸுக்கு வழிவிட்டு நோயை முற்றவைக்கக்கூடும். ஒன்பது மாதக் குழந்தைக்கு அப்படி நடந்திருக்கலாம். நடந்தது என்று சொல்ல முடியாது. நடக்கவில்லை என்றும் சொல்ல முடியாது.

5

எழுதிப் பார்த்த முடிவுகள்.

"உதவுற வயசைத் தாண்டிட்டா, ஏஞ்சல்" என்கிறாள் ஹம்சினி. பாதி உண்மை. ஏஞ்சல் கையெழுத்துப் போடுகிறாள். [ஹம்சினி இதைச் செய்வாளா? என்னால் நம்ப முடியவில்லை.]

முழுவதையும் சொல்லிவிடுகிறாள். ஏஞ்சல் பேனாவை…

ஹம்சினி பதில் சொல்லாமலே படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறாள். தடுப்பூசி தள்ளிப்போகிறது. அடுத்த மழைக்காலத்தில் வேறொருத்தியின் மடியில்… [எழுதிவிட்டு அடித்தேன். பயமாக இருந்தது.]

6

ஹம்சினி வாயைத் திறக்கும்வரை எழுதிவிட்டேன். எனக்குப் பிள்ளை கிடையாது. இதற்குமேல் எழுதத் துணிச்சலும் இல்லை, உரிமையும் இல்லை.

படிப்பவர்களில் பிள்ளையைப் பறிகொடுத்தவர் யாராவது இருந்தால், உங்களிடம் மட்டும் கேட்கிறேன். அந்தப் பதில் உங்களுக்குத் தெரிந்தாக வேண்டுமா?

நீங்கள் சொல்கிறபடி ஹம்சினி செய்வாள்.